படகு போகும் மணிபல்லவம்

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டால் உடனே மூன்று கட்சி எழும்பும். நந்தினி என்று ஒரு கட்சி, ரவிதாசன் என்று ஒரு கட்சி, பெரிய பழுவேட்டரையர் எறிந்த கத்தி என்று இன்னொரு கட்சி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. அதை முதலில் வாசித்தவர்களின் கொள்ளுப்பேத்திகளும் இன்று அதே கேள்விக்காக இடைவேளை மணியைத் தவறவிடுகிறார்கள். இத்தனைக்கும் நந்தினி என்றொருத்தி சோழர் வரலாற்றில் இல்லை. அவள் கல்கியின் கற்பனையில் பிறந்தவள். ரவிதாசனோ கல்வெட்டில் இருக்கிறான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அவனையும் அவனுடைய சகோதரர்களையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் விவாதத்தில் எங்கள் நெஞ்சைப் பிடித்து இழுப்பவள் நந்தினிதான்.

இது தமிழருக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல. டோல்கியன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1954-55இல் வெளியிட்ட மோதிரக் கதையில் பால்ரோக் என்றொரு தீப்பூதம் வருகிறது. அதற்குச் சிறகு இருந்ததா இல்லையா என்று வாசகர்கள் இன்றுவரை அணி பிரிந்து வாதாடுகிறார்கள். ஒரு வசனத்தில் நிழல் சிறகு போல விரிந்தது என்கிறார், இன்னொரு இடத்தில் சிறகு என்றே சொல்கிறார், அது உவமையா உண்மையா என்பதுதான் வழக்கு. பூதமும் இல்லை, அது நின்ற சுரங்கமும் இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களை வரி வரியாகப் படித்து ஆதாரம் தேடுகிறவர்களின் உழைப்பு உண்மையானது.

எங்களுடைய வழக்கு இவற்றிலிருந்து ஒரு வகையில் வித்தியாசமானது. நாங்கள் வாதாடிய கற்பனைத் தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து தினமும் படகு போகிறது.

எங்கள் தமிழ் மன்றத்தில் ஒரு தவணைக்கு ஒரு பெரிய விவாதம் வைப்பது வழக்கம். அந்தத் தவணைக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே". சீட்டுக் குலுக்கியதில் நான் எதிரணிக்கு வந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் உம்மும்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய உம்மா பிறந்தது நயினாதீவில். "எங்கட ஊர் இல்லையெண்டு நீ மேடையேறிச் சொல்லப் போறியா?" என்றார். ஊர் இல்லையென்று யாரும் சொல்லவில்லை உம்மும்மா, அந்தக் கதை அங்கே நடந்ததா என்பதுதான் கேள்வி என்று நான் விளக்கினேன். "அது ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு அவர் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன அந்த ஒற்றை வசனம் விவாதம் முடிந்த பிறகும் என்னை விடவில்லை.

மணிமேகலைக் கதையைப் படிக்காத தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகார் நகரில் மலர் பறிக்கப் போன மணிமேகலையை உதயகுமரன் என்ற சோழ இளவரசன் பின்தொடர்கிறான். அவளைக் காப்பதற்காக மணிமேகலா தெய்வம் உறக்கத்திலேயே அவளைத் தூக்கி, தெற்கே முப்பது யோசனை தூரத்தில் கடல் சூழ்ந்த மணிபல்லவத் தீவில் கிடத்துகிறது. விழித்தவள் ஆளில்லாத மணற்பரப்பில் அழுதபடி நடக்கிறாள். அங்கே புத்தருடைய பாதபீடிகை இருக்கிறது. அந்த மணி ஆசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் போர் செய்தபோது புத்தர் வந்து, ஆசனம் தன்னுடையது என்று சொல்லிச் சண்டையைத் தீர்த்தாராம். பீடிகையை வணங்கியதும் மணிமேகலைக்குத் தன் முற்பிறப்புத் தெரியவருகிறது. தீவைக் காக்கும் தீவதிலகை அவளைக் கோமுகிப் பொய்கைக்கு அழைத்துப் போகிறாள். ஆபுத்திரன் என்பவன் விட்டுச் சென்ற அமுதசுரபி என்ற பாத்திரம் வைகாசி விசாகத்தன்று அந்தப் பொய்கையில் மேலெழுந்து அவள் கைக்கு வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அன்னம் அதில் பெருகும். பசித்தவருக்கு உணவு கொடுப்பதே அவளுடைய வாழ்க்கையாகிறது.

விவாதத்துக்கு முன் எங்கள் தமிழ் டீச்சர் கரும்பலகையில் மூன்று நிரல் கீறினார். முதலாவது, காப்பியம் சொல்கிறது. இரண்டாவது, ஊர் சொல்கிறது. மூன்றாவது, கல் சொல்கிறது. "மேடையில் எதைச் சொன்னாலும் அது எந்த நிரலில் இருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புள்ளி இல்லை" என்றார். இஸ்லாம் பாடத்தில் ஹதீஸ் கலையைப் படித்த எங்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஒரு செய்தி வந்தால் யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று அறிவிப்பாளர் வரிசையைக் கேட்பது எங்களுக்குப் பழகிய ஒழுங்கு. அதே ஒழுங்கை ஒரு காப்பியத் தீவின்மேல் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முன்மொழிந்த அணியினர் பலமாகவே தொடங்கினார்கள். அவர்களுடைய பெரிய ஆயுதம் மகாவம்சம். நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனுமான இரண்டு நாக அரசர்கள் ஒரு மணி ஆசனத்துக்காகப் போருக்கு நின்றார்கள், புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று அந்தப் பாளி நூல் சொல்கிறது. தமிழ்க் காப்பியத்திலும் பாளி நூலிலும் ஒரே சண்டை, ஒரே ஆசனம், ஒரே தீர்ப்பு. உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டபின் இந்த ஒற்றுமை கற்றவர்களின் கண்ணில் படாமல் இருக்க வழியில்லை. நாகதீபம் என்பது நயினாதீவு, அங்கே நாகவிகாரையும் இருக்கிறது, நாகபூசணி அம்மன் கோயிலும் இருக்கிறது, ஆகவே மணிபல்லவம் நயினாதீவே என்று அவர்கள் முடித்தபோது கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

எங்கள் அணி அந்தச் சங்கிலியின் நடுக் கண்ணியைப் பிடித்தது. மணிமேகலைக்கும் மகாவம்சத்துக்கும் கதை ஒன்று என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நாகதீபம் என்பது நயினாதீவு மட்டும்தானா? 1936இல் வடமராட்சியின் வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கிடைத்தது. வசப மன்னனுடைய காலத்தில், இசிகிராயன் என்ற அமைச்சன் நாகதீபத்தை ஆண்டபோது, ஒரு விகாரை கட்டப்பட்டதை அது சொல்கிறது. ஏடு கிடைத்த இடம் குடாநாட்டின் கிழக்குக் கரை. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கிய சம்புகோளத்தையும் மகாவம்சம் நாகதீபத்திலேயே வைக்கிறது. ஒரு அமைச்சன் இருந்து ஆளக்கூடிய, துறைமுகமும் விகாரைகளும் உள்ள நிலம் என்றால் அது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமாக இருக்க வேண்டும். அப்படியானால் அந்த மணி ஆசனம் எந்த மூலையிலும் இருந்திருக்கலாம். அதோடு காப்பியத்தின் மணிபல்லவத்தில் ஊரே இல்லை. மணற்குன்று இருக்கிறது, மரச்சோலை இருக்கிறது, பொய்கை இருக்கிறது. மனிதர் நடமாட்டம் இல்லை. அமைச்சன் ஆண்ட நாகதீபமும் ஆளில்லாத மணிபல்லவமும் ஒன்றென்று எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில் முன்மொழிந்த அணித் தலைவி எழும்பி ஒரு கேள்வி கேட்டாள். "தெய்வம் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு பறந்ததை நீங்கள் கதையென்று விட்டுவிடுகிறீர்கள். முப்பது யோசனை என்பதையும், ஆளில்லை என்பதையும் மட்டும் ஏன் அளவு நாடா போலப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" சபை சிரித்தது. நல்ல கேள்வி. கற்பனை நூலில் எதை உண்மைக் குறிப்பாக எடுப்பது, எதை அலங்காரமாக விடுவது என்பதற்கு இரு அணியும் ஒரே அளவுகோலைத்தான் பிடிக்க வேண்டும். தனக்கு வேண்டியதை வரலாறு என்றும் வேண்டாததைக் கற்பனை என்றும் பிரித்துக்கொண்டால் எந்தத் தீவையும் எங்கேயும் கொண்டுபோய் வைக்கலாம்.

விவாதத்துக்கு முந்திய வாரம் வாப்பா எங்களை நயினாதீவுக்கு அழைத்துப் போயிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்கும்பான் பள்ளிவாசலைத் தாண்டி, வேலணை வழியாகப் புங்குடுதீவுக்குப் போகும் பாதை பாதித் தூரம் கடலுக்குள்ளேயே ஓடுகிறது. இரு பக்கமும் முழங்கால் அளவு தண்ணீர், நடுவில் வீதி. குறிகட்டுவானில் படகு ஏறினோம். தென்னிலங்கையிலிருந்து வந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் தாமரைப் பூவோடு ஒரு பக்கம், பட்டுச்சேலை கட்டிய அம்மாமார் அர்ச்சனைத் தட்டோடு மறுபக்கம், நடுவில் பர்தாவோடு நாங்கள். விகாரைக்குப் போகிறவர்கள் ஒரு துறையில் இறங்க, கோயிலுக்குப் போகிறவர்கள் அடுத்த துறையில் இறங்கினார்கள். ஒரே படகில் வந்தவர்கள் இரண்டு பெயருள்ள ஒரே தீவில் இறங்கினார்கள். ஒருவருக்கு நாகதீபம், மற்றவருக்கு நயினாதீவு. நாங்கள் பள்ளிவாசலைத் தேடிப் போய் லுஹர் தொழுதோம். அங்கே முஸ்லிம் குடும்பங்களும் உண்டு என்பது எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியாத செய்தி.

ஊர் சொல்லும் கதையை அங்கேதான் முழுதாகக் கேட்டேன். அம்மனுக்குப் பூ வைப்பதற்காக ஒரு நாகம் புளியந்தீவிலிருந்து வாயில் பூவோடு கடலை நீந்தி வருமாம். ஒருநாள் கருடன் மறித்தபோது நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் இன்னொரு கல்லில் இருந்து காத்திருக்க, அந்த வழியாக வந்த ஒரு வணிகன் நடுவில் புகுந்து தீர்த்து வைத்தானாம். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று கடலில் இரண்டு கல்லைக் காட்டுகிறார்கள். நான் கொப்பியில் இரண்டாவது நிரலில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே ஒன்று பொறி தட்டியது. மணிமேகலையிலும் இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள், மூன்றாமவர் வந்து தீர்க்கிறார். மகாவம்சத்திலும் அப்படியே. இந்தக் கதையிலும் அப்படியே. சண்டைக்காரர் மாறுகிறார்கள், மத்தியஸ்தர் மாறுகிறார். கடலின் நடுவில் ஒரு சமாதானம் நடந்தது என்பது மட்டும் மாறவில்லை.

மூன்றாவது நிரலுக்கு உரியதும் அந்தத் தீவில்தான் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதைப் படித்துக் கட்டுரையாக வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது கல். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி என்றும் விதிக்கிறது. சிங்கள மன்னன் ஒருவன், தமிழில், வெளிநாட்டு வணிகருக்காக வெட்டுவித்த சட்டம் அது.

இதை மேடையில் நான் சொன்னபோது எங்கள் அணிக்கு இது சாதகமா பாதகமா என்று எங்கள் பிள்ளைகளுக்கே குழப்பம். கல்லில் மணிபல்லவம் என்ற சொல் இல்லை. ஆனால் மணிமேகலையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆபுத்திரன் சாவகநாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். காற்றடித்துக் கப்பல் மணிபல்லவத்தில் பாய் இறக்குகிறது. அவன் இறங்கி நிற்க, ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விடுகிறது. பீலிவளை என்ற நாககன்னி தான் பெற்ற சோழன் பிள்ளையைக் கம்பளச் செட்டி என்ற வணிகனிடம் கொடுத்தனுப்புவதும் இந்தத் தீவில்தான். அந்தக் கப்பலும் உடைகிறது. மகனை இழந்த துயரில் அரசன் இந்திர விழாவை மறக்க, புகார் நகரத்தையே கடல் கொள்கிறது. கப்பல் ஒதுங்கும் தீவு, கப்பல் உடையும் கடல். காப்பியம் சொன்ன அதே ஆபத்துக்குத்தான் பல நூற்றாண்டு கழித்து ஒரு மன்னன் சட்டம் எழுதினான். தீவின் பெயரைக் கல் நிரூபிக்கவில்லை. கதை பிறந்த கடல் எப்படிப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

ஊர்காவற்றுறையின் மற்றப் பெயரைப் பாருங்கள். போர்த்துக்கேயர் அதை யானைத் துறை என்ற பொருளில் தங்கள் மொழியில் அழைத்தார்கள். துறை என்ற அவர்களுடைய சொல்தான் 'கயிற்ஸ்' என்று திரிந்து நிலைத்தது. பராக்கிரமபாகுவின் கல்லில் யானைக் கப்பல். நூற்றாண்டுகள் கழித்து வந்த அந்நியரின் வாயிலும் யானைத் துறை. இரண்டு சாட்சிகள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே விஷயத்தைச் சொன்னால் அந்தச் செய்திக்குப் பலம் கூடும்.

கற்பனை உலகத்துக்கு முதலில் வேண்டியது ஒரு வரைபடம் என்பார்கள். எங்கள் தீவுகளுக்கு அப்படியும் ஒரு வரைபடம் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணைத்தீவு லைடன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது, நயினாதீவு ஹார்லெம் ஆனது, காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆனது. நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது. கடைசிப் பெயர் மட்டும் இன்றும் ஆங்கில வரைபடத்தில் வாழ்கிறது. மற்றவற்றை ஊரார் வாயில் எடுக்கவே இல்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். பன்றித் தொடையின் குதி என்று பொருள். இலங்கையின் வடிவம் அவர்களுக்குப் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். எங்களுக்கு அது கடற்கோட்டைதான். ஒரு நிலத்தின் கதையை எழுத அதிகாரம் மட்டும் போதாது, அங்கே வாழ்கிறவர்கள் அதைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

நெடுந்தீவுக்கு அடுத்த விடுமுறையில் போனோம். பவளக்கல் வேலிகளும், கட்டற்றுத் திரியும் குதிரைகளும், பெருக்க மரமும் பார்த்துவிட்டு மேற்குக் கரைப் பக்கம் வெடியரசன் கோட்டை என்று சொல்லும் இடத்துக்கு நடந்தோம். இந்த வெடியரசன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரல் இருந்தது, பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து இருந்தது. வழக்கே அதில்தான் தீர்ந்தது. ஆனால் அந்த மாணிக்கம் எங்கேயிருந்து வந்தது? இளங்கோ அதைக் கதையாக விரிக்கவில்லை. எங்கள் நாட்டார் கேட்டார்கள், பதிலும் உண்டாக்கினார்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டுமென்று மீகாமன் என்பவன் கப்பலில் நாகதீபக் கடலுக்கு வந்தான், நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் வழிமறித்தான், பெரிய போர் நடந்தது என்று ஈழத்துக் கண்ணகி வழக்குரையில் ஒரு காதையே இருக்கிறது. ஒரு காவியத்தின் இடைவெளியைப் பார்த்து, அதற்கு முன்கதை கட்டி, அதைத் தங்கள் ஊருக்குள் கொண்டுவந்து, ஒரு கற்குவியலைக் காட்டி "இதுதான் அந்தக் கோட்டை" என்று சொன்ன எங்கள் முன்னோர், டோல்கியனின் வாசகர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். அந்தக் கற்குவியலை ஆராய்ந்தவர்களோ அங்கே பழைய பௌத்த தூபிகளின் அடித்தளத்தைக் கண்டிருக்கிறார்கள். ஊர் நிரலில் கோட்டை. கல் நிரலில் தூபி. கோட்டைக் கதையைச் சொல்வதால் தூபி மறையாது. தூபியைச் சொல்வதால் வெடியரசன் சாகவும் மாட்டான். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க வெளிக்கிடும்போதுதான் வினை.

"முஸ்லிம் பிள்ளைக்கு நாகராசனும் மணிமேகலையும் எதுக்கு?" என்று உறவினர் ஒருவர் வாப்பாவிடம் கேட்டாராம். வாப்பா சொன்ன பதில் இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பலைக் காற்று இந்தத் தீவுக்குத் தள்ளியது. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பாவா ஆதம் மலைக்குப் போக வழி. மன்னர் ஆள் அனுப்பி உதவினார். அந்த மலையில் உள்ள பாதத்தை நாங்கள் ஆதம் நபியின் பாதம் என்கிறோம், பௌத்தர் புத்தர் பாதம் என்கிறார்கள், சைவர் சிவனொளிபாதம் என்கிறார்கள். மணிமேகலையும் அந்த மலையைச் சொல்கிறது. மணிபல்லவத்துக்கு அயலில் உள்ள இரத்தின தீவத்தில், சமந்த மலை உச்சியில் பாதபீடிகை உண்டென்று. ஒரு சைவ அரசன் முஸ்லிம் பயணிக்கு வழிகாட்ட, அவர் பௌத்தரும் ஏறும் மலைக்குப் போகிறார். இந்தக் கதையில் எங்களுக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

விவாதத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு எதிரணிக்கு வந்தது. நயினாதீவுதான் மணிபல்லவம் என்பதற்கு இரண்டாவது நிரல் நிறைய இருக்கிறது, மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கிறது என்பது நடுவர்களின் கணக்கு. நான் கோப்பையோடு வீட்டுக்குப் போனேன். உம்மும்மா கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஊர் பற்றிய அவருடைய முடிவில் மாற்றம் ஏதுமில்லை.

ஏன் அவருக்கு அது அவ்வளவு முக்கியம் என்பது எனக்கு அந்த இரவில்தான் விளங்கியது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற்றப்பட்டபோது உம்மும்மா சோனகத் தெருவில் ஒரு வீட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டுப் போனார். புத்தளத்தில் நான் பிறந்த காலத்தில் அந்த வீடு ஒரு கதையாகிவிட்டது. பெருநாளுக்குப் பெரியவர்கள் கூடினால் அந்தக் கதையின்மேல் விவாதம் தொடங்கும். படலை பச்சையா நீலமா? கிணற்றடியில் நின்றது மாதுளையா தோடையா? விறாந்தையில் தூண் நாலா ஆறா? உம்மும்மாவும் அவருடைய தங்கையும் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு, ஒரு மாதுளை மரத்துக்காக. பேரப்பிள்ளைகளான நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பார்க்காத வீட்டின் வரைபடத்தை நாங்கள் மண்ணில் கீறி விளையாடினோம். எங்களுக்கு அதுதான் மணிபல்லவம்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது திரும்பி வந்தோம். வீடு இருந்த இடத்தில் சுவர் பாதிதான் நின்றது, மரம் ஒன்றும் இல்லை. காணிக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனபோது உம்மும்மா அந்த வீட்டைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னார். மேசைக்கு அப்பால் இருந்தவர் கேட்டு முடித்து, "இதெல்லாம் சரி, எழுத்தில் என்ன இருக்கு?" என்றார். இருந்தது, பழைய உறுதியின் ஒரு பிரதி, ஒரு கூப்பன் மட்டை, உம்மாவின் பாடசாலை அனுமதிப் பதிவு. அந்த மூன்று தாள்கள் எங்கள் கல்வெட்டு. அவை இல்லாவிட்டால் எத்தனை உண்மையான கதையும் மேசைக்கு இப்பால் நின்றிருக்கும்.

அன்று நான் சிறுமி. மேசைக்கு அப்பால் இருந்தவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது மூன்று நிரலையும் வைத்து யோசிக்கும்போது இரண்டு பக்கமும் தெரிகிறது. மூன்றாவது நிரலை மட்டும் வைத்துப் பார்த்தால் எங்கள் குடும்பம் மூன்று தாள். மாதுளை மரம் இல்லை, பெருநாள் இல்லை, உம்மும்மாவின் உம்மா நயினாதீவிலிருந்து வள்ளத்தில் மருமகளாக வந்த நாள் இல்லை. இரண்டாவது நிரலை மட்டும் வைத்தால் யாரும் எந்த நிலத்தையும் தன்னுடையது என்று சொல்லலாம், இன்னொருவரை வந்தேறி என்றும் சொல்லலாம். அந்தச் சொல்லின் சூட்டை அனுபவித்தவர்கள் நாங்கள். ஆகவே அடுத்தவரின் கதைக்குக் கல் கேட்கும்போது எங்கள் கதைக்கும் கேட்க வேண்டும். எங்கள் கதையைக் கனிவாகக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் அடுத்தவரின் நாகத்தையும் கருடனையும் கனிவாகக் கேட்க வேண்டும். நயினாதீவுக் கல்லில் உள்ள பரதேசிகளில் எங்கள் முன்னோரும் இருந்தார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். குதிரை வணிகம் என்றால் அரபுக் கடலோடிகளின் நினைவு வரும். ஆனால் கல் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆசையை ஆசையென்றே எழுதி வைக்கிறேன்.

தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு மணிபல்லவம் இருக்கும். புத்தளத்திலோ மன்னாரிலோ முல்லைத்தீவிலோ, மூத்தவர்கள் விட்டுவந்த ஒரு வளவு, ஒரு கடற்கரை, ஒரு பள்ளிவாசல் முற்றம். அதைப் பற்றி அவர்கள் சண்டை போடும்போது இடையில் புகுந்து முடித்து வைக்காதீர்கள். பக்கத்தில் கொப்பியோடு இருங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பழைய உறுதி, கூப்பன் மட்டை, திருமணப் பதிவு, பாடசாலைச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவை எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சொல்லி வையுங்கள்.

நான் உம்மும்மாவிடமும் அவருடைய தங்கையிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்று நிரல் கீறிய நாற்பது பக்கக் கொப்பி. முதல் நிரல் சோனகத் தெரு வீட்டைப் பற்றி நாங்கள் சிறுவயதில் கட்டிய கதைகளுக்கு. அதில் ஒரு சுரங்கப் பாதைகூட உண்டு. இரண்டாவது நிரலில் உம்மும்மா சொன்னது ஒரு மையில், அவருடைய தங்கை சொன்னது இன்னொரு மையில். மாதுளைக்கும் தோடைக்கும் இன்னும் தீர்ப்பு வரவில்லை. மூன்றாவது நிரலில் இப்போதைக்கு மூன்று வரிதான். போன வாரம் ஒரு பழைய கலியாணப் படம் கிடைத்தது. மணமக்களுக்குப் பின்னால் விறாந்தை தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தேன். படத்துக்குள் அகப்பட்டது நாலு தூண். ஓரத்தில் இன்னும் சுவர் நீள்கிறது.